சின்ன பட்ஜெட் சிஜி (கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்) நம்புற மாதிரி இருக்கு, பெரிய படத்துல ஏன் பொம்மை மாதிரி தெரியுது? (கூடவே ஒரு கண்மாய் ஷாட் டவுட்)

கண்மாய்க்கரை

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் காட்ஸில்லா மைனஸ் ஒன்ங்கிற ஜப்பான் ராட்சச மிருகப் படத்தை ரெண்டாவது தடவை பாத்தேன். அந்த சின்ன மரப் படகை தண்ணிக்கு மேல தலையை மட்டும் நீட்டிக்கிட்டு காட்ஸில்லா துரத்திட்டு வருமே, கதை தெரிஞ்சும் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அப்புறம் தேடிப் படிச்சா மொத்த செலவே 1.5 கோடி டாலருக்கு கீழன்னு டைரக்டரே சொல்லியிருக்கார், 610 விஎஃப்எக்ஸ் (விஷுவல் எஃபெக்ட்ஸ்) ஷாட், அதை செஞ்சது 35 பேர். அதை விட பத்து பங்கு செலவு பண்ண படத்துல எல்லாம் மிருகம் வந்து நின்னா வீடியோ கேம் மாதிரி இருக்கு, ஹீரோ குதிச்சா ரப்பர் பொம்மை குதிக்கிற மாதிரி இருக்கு. காசு இருந்தும் ஏன் இப்படி ஆகுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சும்மா பொழுதுபோகாம கேக்கல. நாங்க அஞ்சு பேர் சிவகங்கை பக்கம் ஒரு ஷார்ட் ஃபிலிம் எடுக்கப் போறோம், கையில இருக்கிறது மொத்தமே 70 ஆயிரம். கடைசி சீன்ல ஒரு பாட்டி ராத்திரி கரையில வந்து நிக்கும்போது, வருஷக்கணக்கா வறண்டு கிடந்த கண்மாய் தண்ணியா கிடக்கணும். அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் படமே எழுதினேன். அது பொய்யா தெரிஞ்சா படமே போச்சு.

காம்ப் மேசை

தம்பி, நான் சென்னையில 11 வருஷமா காம்ப் (எடுத்த ஷாட்டையும் சிஜியையும் ஒண்ணா ஒட்டுற காம்போசிட்டிங் வேலை) பண்றேன், அதை வச்சு சொல்றேன். சிஜி பொம்மையா தெரியுதுன்னா ஜனங்க உடனே மாடல் சரியில்லைம்பாங்க, ஆனா மாடல் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும், அடி வாங்குறது லைட்டும் கேமராவும் தான். ஷூட்டிங்ல வெயில் இடது பக்கம் இருந்து அடிச்சிருக்கும், சிஜி மிருகத்துக்கு வலது பக்கம் இருந்து அடிக்கும். கால் தரையில படுற இடத்துல நிழல் அழுத்தமா விழாது, அப்ப அது மிதக்குற மாதிரி ஆயிடும். தூரத்துல இருக்கிற மலை எல்லாம் தூசியில வெளிறிப் போயிருக்கும், அதே தூரத்துல நிக்கிற சிஜி கோட்டையில மட்டும் கறுப்பு அட்டக் கறுப்பா இருக்கும். இதை எல்லாம் பாக்குறவனுக்கு வாய்விட்டு சொல்லத் தெரியாது, ஆனா கண்ணு கண்டுபிடிச்சிரும். கேமராவும் அப்படித்தான், நிஜத்துல எந்த கேமராவும் போக முடியாத இடத்துல புகுந்து சுத்தி வந்து மூக்குக்குள்ள போயிட்டு வந்தா, மிருகம் எவ்வளவு தத்ரூபமா இருந்தாலும் மனசு நம்பாது. ஒரு ஆள் கேமராவைத் தூக்கிட்டு அங்க நின்னா என்ன தெரியுமோ அதை மட்டும் காட்டணும்.

நீ சொன்ன படத்துல டைரக்டரும் யமசாகி தான், விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசரும் அவர்தான். 1968ல வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்துக்கு அதோட டைரக்டர் குப்ரிக் விஎஃப்எக்ஸ் ஆஸ்கரை வாங்குனதுக்கு அப்புறம், ஒரு டைரக்டர் அதை வாங்குனது 2024ல இவர்தான். ஒரு ஷாட்டை ஓகே பண்றதுக்கு அவர் வேற யாரையும் கேக்க வேண்டியதில்லை, பாத்ததும் அங்கயே முடிவு. நாங்க வேலை பார்க்கிற பெரிய படங்கள்ல டைரக்டர் ஒண்ணு சொல்வார், தயாரிப்பாளர் பக்கத்துல இருந்து வேற ஒண்ணு வரும், அது எல்லாம் மெயில்ல சுத்தி எங்க மேசைக்கு வர்றதுக்குள்ள ஒரு வாரம் போயிருக்கும். 60 வெர்ஷன் தாண்டுன ஷாட் நான் பண்ணியிருக்கேன், கடைசியில 12வது வெர்ஷனே நல்லா இருக்குன்னு அதையே எடுத்துக்கிட்டாங்க. அந்த மீதி நாள் எல்லாம் இன்னொரு ஷாட்டுக்குப் போயிருக்கணும்.

ஒரு ரோபோ பொண்ணைப் பத்தின எக்ஸ் மெஷினா பாரு, அதுவும் சுமாரா 1.5 கோடி டாலர் படம் தான், 2016 ஆஸ்கர்ல மேட் மேக்ஸ், ஸ்டார் வார்ஸ் எல்லாத்தையும் தாண்டி விஎஃப்எக்ஸ் விருது வாங்குச்சு. அந்த ரோபோ பொண்ணோட முகமும் கையும் நடிகையோடதே, நடிப்பும் அவங்களோடதே. க்ரீன் ஸ்க்ரீன் போடாம நிஜ செட்ல நிஜ லைட்ல நடிக்க வச்சு, அப்புறம் ஆள் இல்லாம அதே ஃப்ரேமை க்ளீன் ப்ளேட்டா எடுத்து வச்சுக்கிட்டாங்க, உடம்புக்குள்ள மிஷின் தெரியுற இடத்துக்கு மட்டும் சிஜி. எதை மாத்தணும் எதைத் தொடவே கூடாதுன்னு ஷூட்டிங்குக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க, ஜெயிச்சது அங்கதான்.

தரை டிக்கெட்

அண்ணன் சொல்றதோட எனக்கு சண்டை இல்லை, ஆனா கேள்வியிலயே ஒரு சிக்கல் இருக்கு. சின்ன பட்ஜெட்ல நல்லா வந்த நாலு படம் தான் நம்ம காதுக்கு வருது, மோசமா வந்த நூறு படத்தை நாம பாக்கவே இல்லை. பெரிய படத்துல தப்பா வந்த பத்து ஷாட்டை மீம் போட்டு ஊரே பாக்குது, சரியா வந்த ஆயிரம் ஷாட்டு சிஜின்னே யாருக்கும் தெரியாது. டாப் கன் மேவரிக்கை எல்லாமே நிஜம் நிஜம்னு சொல்லித்தான் வித்தாங்க, அதுல 2,400 விஎஃப்எக்ஸ் ஷாட்டுக்கு பக்கம் இருக்கு, நிஜ விமானம் பறக்குற ஷாட்டுக்கு மேலயே வேற விமானத்தைப் போத்தியிருக்காங்க. பாரசைட்ங்கிற கொரியப் படத்துல அந்தப் பணக்கார வீட்டோட மாடி சிஜி, கட்டுனது கீழ் தளம் தான். தியேட்டர்ல எனக்கு சந்தேகமே வரல. இப்பிடி வேலை செஞ்சவங்களை "இது சிஜியே இல்லை"ன்னு பாராட்டுற பேர்ல மறைச்சுடுறாங்க, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

நம்ம பக்கம் உதாரணம் வேணும்னா நான் ஈ (2012) தான் சொல்வேன். ஈ மூஞ்சியில என்ன பாவம் காட்ட முடியும், சிரிக்க முடியாது, அழ முடியாது, புருவம் கூட கிடையாது. அதனால கோவம் நக்கல் பாசம் எல்லாத்தையும் கையிலயும் தலையைத் திருப்புறதுலயும் வச்சாங்க, ஈக்கு மனுஷ மூஞ்சி வைக்காம விட்டது பெரிய தைரியம். தேசிய விருதும் கிடைச்சுது.

ராத்திரி ஷிஃப்ட்

இந்த த்ரெட்ல "காசு முக்கியம் இல்லை" அப்படிங்கிற இடத்துக்குப் பேச்சு போயிடக் கூடாதுன்னு தான் எழுதுறேன். காசு முக்கியம். 35 பேர்ல முடிச்சாங்கன்னு ஒரு தயாரிப்பாளர் படிச்சா அடுத்த நாள் எங்ககிட்ட வந்து அப்ப நீங்களும் 35 பேர்ல முடிங்கன்னு தான் கேப்பார், அந்த டைரக்டர் மாதிரி முன்கூட்டியே முடிவு பண்ணிட்டு வர மாட்டார்.

லைஃப் ஆஃப் பை எல்லாருக்கும் தெரியும், பாண்டிச்சேரியில கூட எடுத்தாங்க. அந்தப் புலி பெரும்பாலும் சிஜி, சில ஷாட்ல மட்டும் நிஜப் புலி, எது எதுன்னு இன்னைக்கும் பிரிக்க முடியாது. அந்தப் புலியை செஞ்ச ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனி 2013 பிப்ரவரி நடுவுல திவால் மனு போட்டுச்சு, ரெண்டு வாரம் கூட ஆகல, அதே படத்துக்கு ஆஸ்கர். உள்ள விருது கொடுக்குறாங்க, வெளிய தெருவுல விஎஃப்எக்ஸ் ஆளுங்க போராட்டம் பண்றாங்க. மேடையில விருது வாங்குனவர் அந்தக் கம்பெனி நிலைமையை சொல்ல ஆரம்பிச்சதும் மியூசிக்கைப் போட்டு மைக்கை அணைச்சிட்டாங்க. மும்பையிலயும் ஹைதராபாத்லயும் அவங்களுக்கு ஆபிஸ் இருந்துச்சு, அதனால இது எங்கயோ நடந்த கதை இல்லை. காரணம் என்னன்னா மொத்தமா ஒரு தொகை பேசி வேலையை எடுப்பாங்க, நடுவுல டைரக்டர் எத்தனை தடவை மாத்துனாலும் தொகை மாறாது, அந்த நஷ்டம் விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோ தலையில, அங்க இருந்து எங்க தூக்கத்துல.

நான் முன்னாடி இருந்த ஒரு இடத்துல ரிலீஸ் தேதியை போஸ்டர்ல போட்டதுக்கு அப்புறம் ஹீரோவோட கவசத்து கலரை மாத்த சொன்னாங்க, 140 ஷாட்டு, 19 நாள். வீட்டுக்குப் போகாம அங்கயே படுத்து எழுந்தோம், என் பொண்ணோட முதல் பிறந்தநாளை வீடியோ கால்ல பாத்தேன். அந்தப் படம் வந்ததும் "கேவலமான சிஜி"ன்னு எழுதுனாங்க, எழுதுனது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஏன்னா எனக்கே அது தெரியும், இன்னும் 3 வாரம் இருந்தா எந்த ஷாட்டை எப்படி சரி பண்ணியிருப்பேன்னும் தெரியும். 2023 செப்டம்பர்ல மார்வெல்லோட விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் ஓட்டுப் போட்டு யூனியன் சேர்ந்தாங்க, அந்த செய்தியைப் படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

கண்மாய்க்கரை

ராத்திரி ஷிஃப்ட் அண்ணே, இதெல்லாம் தெரியாம கேலி பண்ணி நானும் எழுதியிருக்கேன், இனிமே எழுத மாட்டேன்.

என் ஷாட்டைக் கொஞ்சம் விவரமா சொல்றேன். பாட்டி கரையில ஏறி நிக்கும், முதுகுப் பக்கம் இருந்து வைடு ஷாட், முன்னாடி முழுக்க தண்ணி, நிலா வெளிச்சம். அப்புறம் பாட்டி இறங்கிப் போய் காலை தண்ணியில வைக்கும். ப்ளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல தண்ணி சிமுலேஷன் (தண்ணி அசைவைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு உருவாக்குறது) போட்டுப் பாத்தேன், லேப்டாப் ரெண்டு நாளா ரெண்டர் ஓடியும் சவ்வு மாதிரி தான் வருது.

காம்ப் மேசை

சிமுலேஷனை விட்ரு. உங்க ஊர்ல கார்த்திகை மாசம் எந்தக் கண்மாயாவது நிறைஞ்சு கிடக்கும்ல, அங்க போய் நிஜத் தண்ணியை எடு. வறண்ட கண்மாயில பாட்டியை எடுக்கிற அதே கேமரா, அதே லென்ஸ், தரையில இருந்து அதே உயரம், அதே சாய்மானம், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோ. ரெண்டையும் ட்ரைபாட்ல எடு, கேமரா ஆடாம இருந்தா, அதோட அசைவுக்கு ஏத்த மாதிரி ஒட்டுற ட்ராக்கிங் தலைவலியே இல்லை. கரை விளிம்பு தான் உனக்கு ஒட்டுற கோடு, அது மண்ணும் புல்லுமா இருக்கிறதால ஒட்டுனது தெரியாது. ஷட்டரை செகண்டுல 50ல ஒண்ணுலயே வை, ரெண்டுலயும் மாத்தாத.

ராத்திரின்னு ராத்திரியில எடுக்காத, செல்ஃபோன்லயும் சின்ன கேமராவுலயும் கொசகொசன்னு நாய்ஸ் வந்து நாறிடும். பொழுது சாஞ்ச உடனே ஒரு 20 நிமிஷம் வானம் மட்டும் வெளுப்பா இருக்கும், அப்ப எடுத்து கலர் கரெக்‌ஷன்ல ராத்திரி ஆக்கு. வானம் வெளுப்பா இருக்கிறதால பாட்டி உருவம் கறுப்பா தனியாத் தெரியும், தோளுக்கு மேல அந்த வெளுப்பு வித்தியாசத்தை வச்சே கீ போட்டு (பின்னணியை நீக்கி உருவத்தை மட்டும் பிரிச்சு) எடுத்துடலாம். பச்சைத் துணி கட்டாத, பாட்டியோட நரைமுடி ஓரத்துல எல்லாம் பச்சை ஏறிடும், அதைத் துடைக்கவே உனக்கு மாசம் ஆகும்.

எல்லாரும் மறக்குறது பிரதிபலிப்பு. அக்கரையில கருவேல மரம் இருந்தா அது தண்ணியில தலைகீழாத் தெரியணும். நிஜக் கண்மாய் ஷாட்ல வேற மரம் இருக்கும், அதனால உன் மரத்தை எடுத்த ஷாட்டை தலைகீழாப் புரட்டி, கொஞ்சம் இருட்டாக்கி, மேலும் கீழுமா இழுத்து மங்கலாக்கி தண்ணி மேல போடு. ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரோட இலவச வெர்ஷன்ல ஃப்யூஷன்னு காம்ப் பண்ற பகுதி இருக்கு, அதுலயே முடியும்.

கால் நனையுற ஷாட்டுக்கு சிஜி பக்கமே போகாத. கறுப்பு தார்ப்பாயை விரிச்சு நாலு பக்கமும் அணை கட்டி ரெண்டு இஞ்ச் தண்ணி ஊத்து, குறுகலா க்ளோஸ்ல எடு. தண்ணி காலைத் தொட்டு நடுங்குற அந்த நொடியை நிஜமா காட்டிட்டேன்னா, முன்னாடி காட்டுன வைடு ஷாட்டையும் சேர்த்து நம்பிடுவாங்க. 1993ல ஜுராசிக் பார்க்ல பண்ணதும் இதுதான், பக்கத்துல வர்றப்ப பெரும்பாலும் ஸ்டான் வின்ஸ்டன் ஆளுங்க செஞ்ச இயந்திர உடம்பு, முழு உடம்பும் நடக்குறப்ப ஓடுறப்ப கம்ப்யூட்டர், அந்த டி-ரெக்ஸ் வர்ற பெரிய சீன் ராத்திரியில மழையில.

கண்மாய்க்கரை

மூணு வாரம் ஆச்சு, டெஸ்ட் எடுத்துட்டோம். வைடு ஷாட் பாத்துட்டு எங்க அப்பா இது எந்த வருஷம் நிறைஞ்சப்ப எடுத்ததுன்னு கேட்டார், அதுக்கு மேல எனக்கு என்ன வேணும். ஆனா தார்ப்பாய் ஷாட்ல ஒரு பிரச்சனை, பாட்டி காலை வச்சதும் அலை போய் செங்கல் அணையில மோதி திரும்பி வருது, அண்டாவுக்குள்ள கால் வச்ச மாதிரி தெரிஞ்சுடுது.

செட் ஆசாரி

நான் ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆளு, இது எங்க ஏரியா. செங்கலை எடுத்துடு தம்பி. ஓரத்துல மண்ணைக் கொட்டி ரெண்டு முழத்துக்கு மெதுவா சரிவா ஏத்து, அது மேல தார்ப்பாயைப் போட்டு விளிம்புல ஈர வைக்கோல் பரப்பு. அலை சரிவுல ஏறி அங்கயே செத்துடும், திரும்பாது. தண்ணியில ஒரு கூடை வண்டல் மண்ணைக் கரைச்சு ஒரு ராத்திரி தெளிய விட்டுட்டு எடு, தார்ப்பாய் மடிப்பு தெரியாது, கண்மாய் தண்ணி நிறமும் வந்துடும்.