புத்தகம் சொல்லிப் பழகினவங்களை நேர்ல பார்த்த கதை சொல்லுங்க

வைகைக்கரையான்

இணையத்துல புத்தகம் கேட்டு, புத்தகம் சொல்லி, அப்படியே ஒட்டிக்கிட்ட ஆட்களைப் பத்திதான் இந்த இழை. முகம் தெரியாது, சம்பளம் தெரியாது, சாதி தெரியாது. நம்ம பக்கம் புதுசா ஒருத்தரைப் பார்த்தா "சொந்த ஊரு எது?"ன்னு ஆரம்பிச்சு, "அங்க எந்தத் தெரு?"ன்னு இறங்கி, எதைத் தெரிஞ்சுக்கணுமோ அதைத் தெரிஞ்சுக்கிட்டுதான் காபியே கொடுப்பாங்க. புத்தகத்துல பழகுறவங்ககிட்ட அந்தக் கேள்வியெல்லாம் கடைசியிலதான் வருது. சிலபேர்கிட்ட வராமலே போயிடுது. அப்படிப்பட்டவரை நேர்ல பார்த்தப்போ என்ன ஆச்சு? முதல் கதை என்னோடது.

இரண்டாம் உலகப்போர் பத்தித் தமிழ்ல நாவல் வேணும்னு கேட்டிருந்தேன். மொழிபெயர்ப்பு வேண்டாம், நம்மாளு ஒருத்தன் அதுக்குள்ள நின்னு எழுதினதா இருக்கணும். ஆளாளுக்கு ராஜா ராணிக் கதையாச் சொன்னாங்க. பினாங்குல இருந்து ஒருத்தர் மட்டும் ஒத்தை வரியில பதில் போட்டார்: "ப. சிங்காரம், புயலிலே ஒரு தோணி. முதல் ஐம்பது பக்கம் பொறுத்துக்குங்க."

பொறுத்துக்கிட்டேன். 1972-ல வந்த புத்தகம். சுமத்ராவுல இருக்கிற மேடானும் பினாங்கும் ஜப்பான்காரன் கையில இருந்த காலம், வட்டிக்கடை, துப்பாக்கி, நடுநடுவுல மதுரை நினைப்பு. அதுல வர்ற பினாங்கு எனக்கு வெறும் பேரு, அவருக்குத் தினமும் நடக்கிற பாதை. நான் படிக்கப் படிக்கக் கேட்பேன், அவர் வேலை முடிஞ்சு போறப்போ போட்டோ எடுத்து அனுப்புவார். லெபு குவீன்ல (அங்க லெபுன்னா தெரு) 1833-ல கட்டின மாரியம்மன் கோயில், லெபு பாசார்ல பூக்கட்டுற ஆத்தா, மழையில நனைஞ்ச ஐந்தடி நடைபாதை. பதிலுக்கு நான் எங்க மதுரை விளக்குத்தூணையும் கீழமாசி வீதியையும் அனுப்புவேன். இப்படியே ஒரு நாவலை ரெண்டு ஊர்லயும் நின்னுக்கிட்டு முடிச்சோம். அவர் என்ன வேலை பார்க்கிறார்னு எனக்குத் தெரிஞ்சதே அதுக்கப்புறம்தான்.

பிறகு ஒருநாள் மதுரைக்கே வந்தார். தாத்தா காலத்துல கப்பலேறின குடும்பம், இங்க ஒட்டுமில்ல உறவுமில்ல. மீனாட்சியம்மன் கோயில், மகால்னு காட்டலாம்னு நான் லீவு போட்டு வச்சிருந்தேன். மனுஷன் ரூம்ல பையை வச்சதும் கேட்டது, "சிங்கம்புணரிக்குப் பஸ் எங்க நிக்கும்?"

சிங்காரம் பிறந்த ஊரு அது. 1920-ல பிறந்து, பதினெட்டு வயசுல மேடானுக்குப் போய், போரெல்லாம் முடிஞ்சு 1946-ல திரும்பினவர். மதுரை தினத்தந்தியில வேலை, ஒத்தை ஆளா ஒய்.எம்.சி.ஏ. அறையிலேயே காலத்தைத் தள்ளிட்டார். 1997-ல காலமானார். எழுதினது ரெண்டே நாவல். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். இதை வச்சுக்கிட்டு மாட்டுத்தாவணியில பஸ் ஏறினோம்.

சிங்கம்புணரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டீக்கடை. "அண்ணே, சிங்காரம்னு ஒருத்தர் இந்த ஊர்ல..."ன்னு ஆரம்பிச்சேன்.

"எந்தச் சிங்காரம்? கயிறு யாவாரமா?"

(தேங்காய் நார்க் கயிறுக்குப் பேர்போன ஊரு.)

"இல்லண்ணே, கதை எழுதினவரு. சின்ன வயசுல அந்தப் பக்கம், மலேயா சுமத்ரான்னு போய் வந்தவரு."

"போகாத வீடு இங்க எது?"ன்னுட்டு அவர் பாட்டுக்கு டீயை ஆத்தப் போயிட்டார்.

பினாங்குக்காரருக்குச் சிரிப்புத் தாங்கலை. பெஞ்சில உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர் அப்பதான் அவரைக் கவனிச்சார். "தம்பிக்கு எந்த ஊரு?" "பினாங்குங்க ஐயா." "அது சரி. தாத்தாவுக்கு எந்த ஊரு?" தெரியலைன்னார். பெரியவருக்கு அது பொறுக்கலை. "பிரான்மலையா? கிருங்காக்கோட்டையா? கொட்டாம்பட்டிப் பக்கமா? நத்தமா?" ஒவ்வொரு பேரா எடுத்துக் கொடுக்கிறார், இவர் ஒவ்வொண்ணுக்கும் தலையை ஆட்டுறார். ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னு சொல்லித் தொலைச்சா என்னன்னு எனக்கே தோணிடுச்சு. பொய் சொல்ல அவருக்கு வரலை.

பெருசா எதையும் கண்டுபிடிக்கலை. சேவுகப்பெருமாள் கோயிலைப் பார்த்துட்டு, பரோட்டா சாப்பிட்டுட்டுத் திரும்பினோம். பஸ்ல முழுக்கச் சண்டை. 1959-ல வந்த 'கடலுக்கு அப்பால்'தான் உசத்தின்னு அவர் சாதிக்கிறார். அந்தப் பேச்சு இன்னும் ஓயலை.

பனங்கிழங்கு

நான் டொரொண்டோவில இருக்கிறன். அம்மா ஒரு சிறுகதையைப் பற்றி அடிக்கடி சொல்லுவா. 'மல்லிகை'யில வந்தது, ஒரு கிணறும் ஒரு சைக்கிளும் வரும், அவ்வளவுதான் ஞாபகம். ஆர் எழுதினது, எந்த வருசம், ஒண்டும் தெரியாது. டொமினிக் ஜீவா 1966-இல தொடங்கின சஞ்சிகை அது. அவர் பையைத் தோளில கொழுவிக்கொண்டு தெருத்தெருவா நடந்து வித்ததை அம்மா கண்டிருக்கிறா. எங்கட வீட்டில இருந்த இதழ்கள் எல்லாம் 1995 இடப்பெயர்வோட போயிட்டுது.

இப்பிடி ஒரு கதை ஆருக்கும் தெரியுமோ எண்டு கேட்டன். மட்டக்களப்பில இருந்து ஒரு அக்கா மட்டும், நூலகம் இணையத்தளத்தில மல்லிகை ஸ்கேன் பண்ணிக் கிடக்கு, நான் தேடிப் பாக்கிறன் எண்டு எழுதினா. ஈழத்து எழுத்துக்களை இணையத்தில சேர்த்து வைக்க 2005-இல தன்னார்வலர்கள் தொடங்கின திட்டம் அது. 1981-இல யாழ்ப்பாண நூலகத்தை எரிச்சவங்கள் எண்டது எங்கட ஆக்களுக்கு மறக்குமே? ஒரு புத்தகம் ஒரு இடத்தில மட்டும் இருக்கக்கூடாது எண்ட பயம் எனக்கும் இருக்கு.

அக்கா ஒவ்வொரு இதழாப் பாத்து எனக்கு எழுதுவா. "இதில கிணறு இருக்கு, சைக்கிள் இல்லை." பிறகு, "சைக்கிள் இருக்கு, கிணறு இல்லை. ஆனா கதை நல்லா இருக்கு, வாசியும்." இந்தச் சாட்டில நான் வாசிச்ச கதைகள் கனக்க. ஊரில இருக்கேக்க பேர் மட்டும் கேள்விப்பட்ட எழுத்தாளர்களை இந்தக் குளிருக்குள்ள இருந்துதான் வாசிச்சன்.

ஊருக்குப் போனபோது யாழ்ப்பாண நூலகத்தில சந்திக்கிறது எண்டு முடிவு. அவ மட்டக்களப்பில இருந்து ஒரு சட்டி எருமைத் தயிரை மடியில வச்சுக்கொண்டு பஸ்ஸில வந்திறங்கினா. வாசலில நிண்டவர் தயிர்ச் சட்டியோட உள்ள விடமாட்டன் எண்டிட்டார். அவரிட்டையே பொறுப்புக் குடுத்திட்டுப் போனம். உள்ளுக்குப் போய்ப் பழைய சஞ்சிகைகளைப் பாத்திட்டு வெளிய வந்து அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தன். அம்மா அக்காவோட ஊர், பிள்ளையள், விலைவாசி எல்லாம் கதைச்சுப்போட்டுக் கடைசியாச் சொல்லுறா: "எனக்கு இப்ப யோசிக்க அது மல்லிகை இல்லைப் போல கிடக்கு பிள்ளை. 'சிரித்திர'னோ தெரியேல்லை."

அக்கா தலையில கை வச்சிட்டா.

மொட்டைமாடி

கொடுத்த புத்தகம் திரும்பி வந்த கதை யார்கிட்டயாவது இருந்தா அதையும் சொல்லுங்க. என்கிட்ட இல்லை.

தபால்பெட்டி

திரும்பி வராட்டி என்ன, போய்ச் சேர்ந்துதேன்னு நினைச்சுக்குங்க. பதிவுப் புத்தக அஞ்சல்னு ஒண்ணு இருந்தது. 5 கிலோ புத்தகத்தை 80 ரூபாய்ல நாட்டுல எந்த மூலைக்கும் அனுப்பலாம். அதை நம்பித்தான் நாங்க ஆறேழு பேர் ஒரே பெட்டியைச் சுத்துல விட்டோம். பெட்டி வந்தா ஒண்ணு எடுக்கணும், ஒண்ணு வைக்கணும், அடுத்த ஆளுக்கு அனுப்பணும். 2024 டிசம்பர்ல அந்தச் சேவை நின்னுபோச்சு. அப்போ பார்சல் கட்டணத்தைப் பார்த்தா புத்தகத்தைவிட அது கனமா இருந்தது. ஊருக்குப் போறவங்க கையில கொடுத்து விட்டோம். அதனாலதான் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் நேர்லயே பார்த்தோம்.

ராத்திரி வாசகி

எல்லாரும் நல்ல கதையாச் சொல்றீங்க. பெண் பேர்ல ஒரு தடவை புத்தகம் கேட்டுப் பாருங்க. இன்பாக்ஸ் முழுக்க "ஹாய்", "சாப்டாச்சா", "உங்க ரசனை வேற லெவல்". புத்தகத்தோட பேரு மட்டும் இருக்காது.

நான் ஒண்ணு செய்வேன். சொன்ன புத்தகத்துல உங்களுக்குப் பிடிக்காதது எதுன்னு கேட்பேன். நெசமாவே படிச்சவங்களுக்கு ஏதாவது உறுத்தியிருக்கும். கடைசி அத்தியாயம் அவசரம், அந்தப் பொண்ணைச் சாகடிச்சிருக்க வேண்டாம், இப்படி. படிக்காதவங்க "எல்லாமே அருமைங்க"ன்னுவாங்க. அதோட முடிஞ்சுது.

அப்படிக் கேட்டப்போ ஒரே ஒருத்தங்க ஒரு பக்கத்துக்குத் திட்டி எழுதினாங்க. ஈரோட்டுப் பக்கம் தையல் கடை வச்சிருக்கிற அக்கா. ஒரு காலத்துல நியூ செஞ்சுரி புத்தக வேன் வந்து நிக்கிறப்பவெல்லாம், மாஸ்கோவுல தமிழ்லயே அச்சாகி வந்த ரஷ்ய நாவல்களை அஞ்சு பத்துக்கு வாங்கிச் சேர்த்தவங்க. நல்ல காகிதம், கெட்டி அட்டை, இன்னும் தாள் உதிரலைன்னு பெருமையா சொல்வாங்க. எங்கிட்ட ரஷ்ய நாவல் பேசினாங்கன்னா மொழிபெயர்ப்பாளர் பேரைச் சொல்லித்தான் பேசுவாங்க. பூ. சோமசுந்தரம் பண்ணினதா, நா. தர்மராஜன் பண்ணினதான்னு முதல்ல தெரியணும் அவங்களுக்கு.

ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழாவுல பார்த்தோம். கூட்டத்துல எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு நான் தேடிக்கிட்டிருக்கேன், பின்னாலிருந்து தோள்ல ஒரு கை. "நீதானே? சுடிதார் தோள் இறங்குது பாரு. யாரு தச்சது இதை?" முதல் வார்த்தை இதுதான். வணக்கமும் இல்ல, வாங்கன்னும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் ஸ்டால் ஸ்டாலா ஏறி இறங்கிட்டு, கடைக்குக் கூட்டிட்டுப் போய் அந்தத் தோளைப் பிடிச்சுக் கொடுத்துட்டுத்தான் கோயமுத்தூர் பஸ் ஏத்திவிட்டாங்க.

கேட்டுப்படிப்பவன்

எனக்குப் பார்வை கிடையாது. என்.வி.டி.ஏ.ன்னு ஒரு மென்பொருள் திரையில இருக்கிறதை வாசிக்கும், நான் கேட்பேன். எழுத்தா இருந்தா வாசிக்கும், ஸ்கேன் பண்ணின படமா இருந்தா வாய் திறக்காது. புத்தகம் சொல்லுங்கன்னு கேட்டா ஆளுக்கொரு பி.டி.எஃப். கொடுப்பாங்க, திறந்தா சத்தமே இருக்காது.

மதுரைத் திட்டம் புண்ணியத்துல நிறையப் படிச்சேன். 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்சு, எங்கெங்கேயோ இருக்கிற ஆட்கள் தட்டச்சு செஞ்சு போட்ட நூல்கள். சங்கப் பாட்டு, கம்பன், கல்கின்னு போயாச்சு. எனக்குக் கி.ரா. (கி. ராஜநாராயணன்) வேணும்னு எழுதினேன். கோவில்பட்டியில இருந்து ஒரு டீச்சர் கேட்டாங்க: "நான் வாசிச்சு வாய்ஸ் மெசேஜ்ல அனுப்பினா கேப்பீகளா?"

அவங்க ஊருக்கும் கி.ரா.வோட இடைசெவலுக்கும் கூப்பிடு தூரம். 'கோபல்ல கிராம'த்தை அந்த வாயால கேட்டதுக்கு அப்புறம், மென்பொருள் கதை வாசிச்சா கலெக்டர் ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி இருக்கு. தினம் ராத்திரி கொஞ்சம் வரும். கதையோட கதையா குக்கர் விசில், நாய், நடுவுல திடீர்னு "ஏலே, அந்த கேட்டைச் சாத்து!" மங்கத்தாயாரு அம்மாளும் கிராமத்துப் பெரியவங்களும் பேசிக்கிட்டிருக்கிற இடத்துல இந்த கேட் வந்து நிக்கும். எனக்கு அது பழகிப்போய், ஒருநாள் வரலைன்னா இன்னைக்கு யாரும் வெளிய போகலை போலன்னு நினைச்சுக்குவேன்.

என் பக்கத்துலயும் ஒரு வேலை உண்டு. பழைய நூல்களை எழுத்தா இணையத்துல ஏத்துற விக்கிமூலத்துல டீச்சர் பிழை திருத்துறவங்க. பழைய புத்தகத்தை ஓ.சி.ஆர். பண்ணினா, அதாவது படத்துல இருக்கிறதைக் கணினியை விட்டு எழுத்தா மாத்தினா, 'ர'வும் துணைக்காலும் இடம் மாறிக் கிடக்கும். பார்க்கிற கண்ணு அதைத் தாண்டிப் போயிடும். கேட்கிற காதுக்கு உடனே இடறும். நான் கேட்டுக் குறிச்சு அனுப்புவேன், அவங்க திருத்துவாங்க.

சென்னை கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு வர்றாங்கன்னு சொன்னாங்க. அங்க பிரெய்ல் பிரிவு இருக்கு, எனக்குப் பழக்கமான இடம். வாய்ஸ் மெசேஜ்ல வாய் ஓயாதவங்க, நேர்ல வந்து "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா சார்"னு ஒரே சாரா போடுறாங்க. குரல் அதேதான், ஆளு வேற மாதிரி. நானும் பதிலுக்கு "நலமா மேடம்"ங்கிறேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேருக்கும் பேச்சே வரலை. அப்போ பக்கத்துல இருந்து ஒரு பையன் குரல்: "மாமா, அந்த கேட்டைச் சாத்தச் சொல்லித் திட்டு வாங்குறது நான்தான்."

"ஏலே, சும்மா இரு"ன்னாங்க டீச்சர். அதுக்கப்புறம் சரியாயிடுச்சு.

பனங்கிழங்கு

கேட்டுப்படிப்பவன், நூலகம் தளத்தில கிடக்கிற சஞ்சிகைகள் உங்களுக்கு வாசிக்கேலுமோ?

கேட்டுப்படிப்பவன்

நான் திறந்த வரைக்கும் எல்லாமே படம்தான். சத்தம் வரலை.

பனங்கிழங்கு

அப்ப அம்மாவை வாசிச்சு அனுப்பச் சொல்லுறன். பகலில வீட்டில தனியத்தான் இருக்கிறா, ஃபோனில பதிஞ்சு அனுப்பப் பழக்கிவிடுறது என்ர பொறுப்பு. எதில தொடங்க எண்டு சொல்லுங்கோ.

கேட்டுப்படிப்பவன்

மல்லிகையில எந்த இதழா இருந்தாலும் சரிங்க. அம்மாவை அவங்க போக்குலயே வாசிக்கச் சொல்லுங்க. கிணறும் சைக்கிளும் ஒண்ணா வருதான்னு நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.