கல்லடியில் கடலோர வீடு: யன்னல் நிலைக்கு எது தாங்கும்?

மட்டக்களப்புக் கல்லடி, கடலில் இருந்து சுமார் 300 மீற்றர். கிழக்குச் சுவரில் 4 அடிக்கு 4 அடியில் மூன்று யன்னல்கள், வேப்ப மர நிலை, 4க்கு 3 அங்குலம். மூன்றிலும் கீழ்ச்சட்டம் உக்கி விட்டது. நிலையில் இறக்கிய இரும்புக் கம்பி துருப்பிடித்து ஊதி மரத்தையும் பிளந்திருக்கிறது. வாடைக்காற்று மழைக்குத் தண்ணீர் உள்ளே வருகிறது.

உக்கியதைச் செதுக்கி எபொக்சி பட்டி வைத்து எனாமல் அடித்தாயிற்று, ஒரு மாரி தாங்கவில்லை. வெளிவிளிம்பில் சிலிக்கன் பூசியது இன்னும் மோசம்: மேலால் இறங்கும் தண்ணீர் வெளியேற வழியின்றி மரத்துக்குள்ளேயே நிற்கிறது. கறையான் இல்லை, தட்டிப் பார்த்தாயிற்று.

இனி நிலையையே மாற்ற வேண்டும். முதிரை நல்லதுதான், விலை கட்டாது. கொங்கிறீட் நிலை வேண்டாம். உள்கம்பிக்கு மேல் சாந்து மெல்லிசாக இருந்தால் உப்புக்காற்றில் வெடிக்கும். மிஞ்சுவது பவுடர் கோட்டிங் (தூள் பெயின்ற் சுட்டுப் பூசிய) அலுமினியமும் யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கும். அலுமினியத்தில் வெட்டிய மூலைகளிலும் சாதாரண இரும்பு ஸ்குரூ போட்ட துளைகளிலும்தான் அரிப்புத் தொடங்கும், அதனால் உப்புக்காற்றுக்கு நன்றாகத் தாங்கும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ கேட்கப் போகிறேன். யூபிவிசி அரிக்காது, ஆனால் உள்ளே வைக்கும் இரும்புச் சட்டத்துக்குத் தண்ணீர் போனால் துரு வெளியே தெரியாது. எதைப் போட்டாலும் கீழ்க்கட்டைச் சாந்தை வெளிப்பக்கம் சரித்துத்தான் கட்டுவேன்.

காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் கடலுக்குக் கிட்ட இந்த இரண்டில் ஒன்றை ஐந்து வருஷத்துக்கு மேல் பாவிப்பவர்களே, எது பழுதில்லாமல் நிற்கிறது?