வளவில் (செட்டிநாட்டு வீட்டு உள்முற்றத்தில்) கருத்துப்படக் கண்காட்சி: ஆணி, அச்சு, குறிப்பு

காரைக்குடியிலிருந்து:
நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஓவியர்களின் படங்களைப் பழைய வீட்டில் வைப்பவர்கள் முதலில் சுவரைப் பாருங்கள். பட்டாலை என்கிற கூடத்துச் சுவரில் ஆணி அடிக்கவே கூடாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, ஆணி இறங்கினால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும். இரட்டைப் பக்க டேப்பும் அப்படியே. தூணுக்குத் தூண் ஐந்தடி உயரத்தில் பருத்திக் கயிறு கட்டி, 3 மி.மீ. சன்போர்டில் (இலேசான நுரைப் பலகை) ஒட்டிய படத்தை இரண்டு கிளிப்பில் தொங்கவிடுங்கள். ஒரே கிளிப் என்றால் காற்றில் திரும்பிக்கொள்ளும். கயிறு சுற்றும் இடத்தில் துணி வைக்காவிட்டால் தேக்குத் தூணின் வார்னிஷில் தடம் விழும். பளபளப்பு லேமினேஷன் வேண்டாம். வளவு வெளிச்சம் அதில் பளிச்சிட்டு, கோடே தெரியாது. பளபளக்காத மேட் போதும்.

தேவகோட்டையிலிருந்து:
அண்ணே, சுவருக்கு முன்னால் படக்கோப்பு இருக்கிறதே! சமூக ஊடகத்தில் இறக்கும் படம் பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம்தான். அதை ஏ3-இல் 297 மி.மீ. அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 92 பிக்சல். ஆஸ்திரேலியாவிலிருந்து சீன அரசை வரையும் பாடியுசாவ் போன்றவர்களின் தடித்த கோடு ஓரளவு தாங்கும். மெல்லிய குறுக்குக் கோடுகளால் நிழல் போட்ட படம் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். ஓவியரிடமே மூலக்கோப்பு கேளுங்கள். கிடைக்காவிட்டால் 14 செ.மீ. அகலத்துக்கு மேல் போகாதீர்கள். அந்தக் கடிதத்திலேயே அனுமதியும் கேட்டுவிடலாம். அச்சுக்கடையில் "தாளுக்குப் பொருத்துகிறேன்" என்று ஓரத்தை வெட்டுவார்கள், கையெழுத்து அங்கேதான் இருக்கும்.

கானாடுகாத்தானிலிருந்து:
எல்லாவற்றையும்விடத் தேதி முக்கியம். சிரியாவின் அலி ஃபர்சாத் வரைந்த படம் ஒன்று: லிபியாவின் கடாஃபி காரை ஓட்டித் தப்பிக்கிறார், ஓரத்தில் சிரிய அதிபர் அசாத் பெட்டியோடு நின்று என்னையும் ஏற்றிக்கொள் என்று கை காட்டுகிறார். அதுவரை பெரும்பாலும் பெயரில்லாத தளபதிகளையே வரைந்தவர், 2011-இல்தான் அசாத்தின் முகத்தையே வரையத் துணிந்தார். அந்த ஆகஸ்டில் முகமூடிக்காரர்கள் அவர் கைகளை அடித்து நொறுக்கினார்கள். பிறகு குவைத் போனார். அசாத் மாஸ்கோவுக்கு ஓடியது 2024 டிசம்பரில். கீழே "2011" இல்லாவிட்டால், நடந்து முடிந்ததைப் பார்த்து வரைந்த படம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள்.

குறிப்பு நாற்பது சொல்லுக்குள், 20 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தில், படத்துக்குக் கீழே. பேச்சுக்குமிழியை அழித்துத் தமிழ் எழுதாதீர்கள். பாரதி 1908-இல் புதுச்சேரிக்குப் போனபின் அங்கிருந்து வந்த 'இந்தியா' இதழைப் பாருங்கள். சித்திரம் ஒன்று, விளக்கம் தனி. நூறாண்டு கழித்தும் அந்தப் படங்கள் புரிவது விளக்கத்தால்தான்.

பள்ளத்தூரிலிருந்து:
கானாடுகாத்தான் ஆச்சி சொன்னதோடு இன்னொன்று. தாய்லாந்திலிருந்து 'ஐராவதி' இதழுக்கு வரைந்த ஹார்ன் லேயின் பர்மியத் தளபதிகளுக்கு நம் பக்கம் குறிப்பே வேண்டாம். 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் 2021 பிப்ரவரி ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு வந்த பர்மியப் படங்களில் எச்சரிக்கை தேவை. புனைபெயரில் வரைபவரின் ஊர், வயது, இப்போது இருக்கும் இடம் எதையும் எழுதாதீர்கள். சொந்தக்காரர்கள் இன்னும் பர்மாவுக்குள்ளேயே இருப்பார்கள். பாடியுசாவ்கூட 2019 வரை முகத்தை மறைத்தே வைத்திருந்தார். திறப்பு விழாவில் இணையவழிப் பேச்சு வைத்தால் கேமராவை அணைக்கச் சொல்லுங்கள், பதிவும் செய்யாதீர்கள்.