4294967297 பகு எண் என்பதை வகுத்துப் பார்க்காமல் நிறுவ முடியுமா?

கேள்வி:
வணக்கம். 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே சென்று ஒன்றைக் கூட்டினால் எப்போதும் பகா எண்ணே கிடைக்கும் என்று ஃபெர்மா கருதினார். வரிசையில் அடுத்து வரும் 2³² + 1, அதாவது 4294967297, 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732-இல் ஆய்லர் காட்டியதும் அக்கருத்து வீழ்ந்தது. நீண்ட வகுத்தல் இல்லாமல் இதை நிறுவும் வழி உண்டா? இத்தனை எண்கள் இருக்க, 641-ஐத் தேடிப் பிடிப்பது எப்படி?

மறுமொழி 1:
நிறுவ முடியும். 641-ஐ 5 × 2⁷ + 1 என்றும் 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம். முதல் வடிவத்தின்படி, 641-ஆல் வகுக்கையில் 5 × 2⁷ என்பது −1-க்கு நிகர் (அதாவது, இவ்விரண்டின் வித்தியாசம் 641-ஆல் மீதியின்றி வகுபடும்). ஆகவே அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸ என்பது 1-க்கு நிகர். இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-இன் இடத்தில் −2⁴ வரும். எனவே −2³² என்பது 1-க்கு நிகராகிறது. 2³² + 1-இன் மீதி 0.

மறுமொழி 2:
மேலே உள்ள நிறுவல் மிக அழகானது. ஆனால் 641 என்று முன்பே அறிந்தவருக்குத்தான் அது பயன்படும். தேடுவதற்கு வேறு வழி வேண்டும். ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது எனக் கொள்வோம். அதனால் வகுக்கையில் 2³² என்பது −1-க்கும் 2⁶⁴ என்பது 1-க்கும் நிகராவதால், 2-இன் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலாக வருவது 64-ஆம் அடுக்கில்தான். இதை ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தோடு (p ஒற்றைப்படைப் பகா எண் எனில், 2-இன் (p − 1)-ஆம் அடுக்கை p-ஆல் வகுக்க மீதி 1) சேர்த்தால், அந்தப் பகா எண் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க வேண்டும் என்று கிடைக்கிறது. அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வருகின்றன, ஐந்தாவதே விடை. ஃபெர்மாவின் ஊகத்தைத் தகர்க்கும் கருவி அவருடைய தேற்றத்திலேயே இருந்தது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. 641-ஆல் வகுத்தால் ஈவு 6700417. அதற்கு மேலும் காரணிகள் உண்டா?

மறுமொழி 3:
இல்லை, அது பகா எண். அதன் வர்க்கமூலம் 2589-ஐவிடக் குறைவு. 64 என்ற இடத்தில் 128 என்றே கொள்ளலாம் என்று 1878-இல் கணிதவியலாளர் லூக்கா காட்டியதால், சோதிக்க வேண்டியவை 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622.

இதைவிட இரண்டு குறைந்த 4294967295-ஐயும் கவனியுங்கள். அது நீங்கள் குறிப்பிட்ட ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன். ஆகையால், அத்தனை பக்கங்கள் உடைய ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைவது கொள்கையளவில் இயலும் என்பது, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் (மேற்கண்ட வரிசையில் வரும் பகா எண்களின்) பெருக்கற்பலனைப் பக்க எண்ணிக்கையாகக் கொண்டவை வரையத்தக்கவை என்ற காஸின் முடிவிலிருந்து பெறப்படுகிறது. 641-உம் 6700417-உம் அவ்வரிசையில் இல்லாததால், 4294967297 பக்கங்களுக்கு அது இயலாது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும்போது இவ்வாறு வரையத்தக்கதென இன்று அறியப்பட்டுள்ளவற்றுள் மிகப் பெரியது 4294967295-தான். ஆறாவதாக ஒரு ஃபெர்மா பகா எண் கிடைத்தால் மட்டுமே அது மாறும்.