சிதம்பரம் மருத்துவக் கல்லூரி: சட்ட நகல் தேடுகிறேன், உதவுங்கள்

வணக்கம். சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்கு எடுத்திருப்பது சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி.

1985இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய கல்லூரி அது. பல்கலைக்கழகமோ 1928ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது; நிறுவனர் குடும்பத்துக்கு அதில் தனி இடம் இருந்தது. பணச் சிக்கல் முற்றியதும் 2013இல் அரசு நிர்வாகி ஒருவரை நியமித்தது. அதே ஆண்டு சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் கட்டணம் மற்ற அரசுக் கல்லூரிகளைவிடப் பல மடங்காகவே இருந்தது. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021இல் கல்லூரியும் மருத்துவமனையும் உயர்கல்வித் துறையிலிருந்து சுகாதாரத் துறைக்கு மாறின.

என் கேள்வி இங்கேதான். ஒரு சட்டத்தின் கீழ் இயங்கும் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையைத் துறை மாற்ற அரசாணை மட்டும் போதுமா, சட்டத் திருத்தமும் வேண்டுமா? ஊழியர்களின் பணி மூப்பு, ஓய்வூதியம் யார் பொறுப்பு?

2013 சட்டத்தின் அரசிதழ் நகல், தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது, யாரிடமாவது இருக்கிறதா? என்னிடம் இருப்பது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். பிரிவு எண்களே மையில் கரைந்துவிட்டன. '3' எது, '8' எது என்று பூதக்கண்ணாடி வைத்தும் தெரியவில்லை. அப்புறம், 2021 அரசாணை கையில் உள்ளவர்கள் எண்ணையும் தேதியையும் சொன்னாலே போதும், நான் தேடிக்கொள்கிறேன்.

அங்கே வேலை பார்த்த அண்ணன், அக்கா யாராவது குழுவில் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை செமினார்.