படத்தில் சிலாபைத் தூக்கும் அந்தக் காட்சி

நிலநடுக்கப் படங்களில் தியேட்டரே கைதட்டும் காட்சி ஒன்று உண்டு. நாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு சிலாபைத் தூக்குவார், அடியில் கிடந்தவரைச் சட்டென்று வெளியே இழுத்துவிடுவார்கள். மணிக்கணக்கில் தொடை நசுங்கிக் கிடந்தவரை அப்படி எடுத்தால், எடுத்த சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் கசிந்து அங்கேயே தேங்கியிருக்கும். பாரம் விலகியதும் இரண்டும் ரத்தத்தில் பாயும். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும், மயோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளில் சிக்கியவர்களைப் பார்த்த பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் 1941இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார்.

அதனால் தூக்குவதற்கு முன்பே, கைக்கு எட்டும் ரத்தக் குழாயில் ஊசி போட்டு சலைன் ஏற்ற வேண்டும். பெரியவர்களுக்கு மணிக்கு ஒரு லிட்டர் அளவில் தொடங்குவார்கள். வழக்கமாக ஏற்றும் இன்னொரு திரவமான ரிங்கர் லாக்டேட் கூடாது, அதிலேயே பொட்டாசியம் இருக்கிறது. அந்த பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, எப்போது சரியும் என்று தெரியாத பொந்துக்குள் ஒருவர் படுத்தே கிடக்கிறார் பாருங்கள், தைரியம் என்றால் எனக்கு அதுதான்.

*

தூக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாக்கியோ காற்றுப் பையோ ஓர் அங்குலம் உயர்த்தினால், அந்த ஓர் அங்குலத்துக்கு உடனே கட்டையோ ஆப்போ செருகிவிட வேண்டும். ஜாக்கி வழுக்கினாலும் பாரம் கட்டையில்தான் உட்காரும், ஆள்மேல் இறங்காது. கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்குவார்கள். முனைகள் நான்கு அங்குலமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஓரம் பிளந்துவிடும். காற்றுப் பை உப்ப உப்ப சிலாபைத் தொடும் பரப்பு குறைவதால் அதன் தூக்கும் திறனும் குறையும். புதிதாக வருபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

*

சிக்கியவர்களின் பங்கைப் படங்கள் அழுகையோடு முடித்துவிடுகின்றன. மூன்று விநாடி நீளும் ஒரே விசில் கேட்டால் மேலே எல்லா இயந்திரமும் நிற்கும், யாரும் அசையமாட்டார்கள். உள்ளே இருப்பவர் தட்ட வேண்டிய நேரம் அது. கத்தினால் தூசி நெஞ்சுக்குள் போகும், தெம்பும் போகும். குழாயிலோ சுவரிலோ கல்லால் மூன்று மூன்றாகத் தட்டினால் போதும். தொடர்பு கிடைத்ததும், தன் வலியைச் சொல்லும் முன்பே "பக்கத்து ரூம்ல ரெண்டு பேர் இருந்தாங்க" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்து எங்கே தோண்டுவது என்பதை அந்த ஒரு வரிதான் முடிவுசெய்கிறது.

அவர்களிடம் "அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவோம்" என்று மட்டும் சொல்லக் கூடாது. ஆறாவது நிமிடத்தில் நம்பிக்கை உடைந்துவிடும். "இப்ப டிரில் சத்தம் வரும், தூசி விழும், கண்ண மூடிக்குங்க" என்று நடக்கப்போவதை மட்டும் சொல்லுங்கள். மீட்பவர் மாறும்போது அடுத்து வருபவரின் பெயரைச் சொல்லி, அவர் குரல் உள்ளே கேட்ட பிறகே கையை விடுங்கள்.