பெரியம்மாவின் கேத்தல்

குழு: கல்லடி வீட்டார்

பெரியம்மா: டவுனுக்குப் போகிறவர்கள் யாராவது என் அலுமினியக் கேத்தலை ஒட்டிக்கொண்டு வந்து தாங்க. அடி ஒழுகுது. அடுப்பில் வைத்தால் சொட்டுச் சொட்டாக விழுந்து நெருப்பு சீறுகிறது.

மாமா: நாளைக்குப் போகிறேன் அக்கா. வந்து எடுக்கிறேன்.

நான்: பொறுங்க பெரியம்மா. ஒரேயடியாக ஒழுகுதா, வைத்தவுடன் மட்டுமா?

பெரியம்மா: வைத்தவுடன்தான். சூடானால் நின்றுவிடும்.

நான்: அப்ப ஓட்டை இல்லை. அது காஸ் எரிந்து வந்த தண்ணீர்.

மாமா: காஸுக்குள் தண்ணீரா? விடிந்ததும் விடியாததுமாக!

நான்: உள்ளே இல்லை மாமா. காஸில் காபனும் ஐதரசனும் இருக்கு. எரியும்போது காற்றின் ஒட்சிசன் ஐதரசனோடு சேர்ந்து நீராவி, காபனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டு. ஆவி குளிர்ந்த அடியில் பட்டு வியர்க்கிறது.

தங்கச்சி: திணிவுக் காப்பு விதி! எரிந்தாலும் மொத்தப் பாரம் மாறாது என்பதுதானே. ஒரு சிலிண்டருக்கு எவ்வளவு தண்ணீர் வரும் அண்ணா?

நான்: 12.5 கிலோ காஸ் எரிய ஏறத்தாழ 45 கிலோ ஒட்சிசன் வேண்டும். மொத்தம் 57.5. வெளியே போவது தண்ணீர் 20 கிலோ, காபனீரொட்சைட்டு 37.5. கூட்டிப் பார்.

பெரியம்மா: இருபது கிலோவா! நான் கிணற்றில் அள்ளிச் சாகிறேன்.

மாமா: சரி, விறகு? ஒரு கட்டு எரித்தால் ஒரு கை சாம்பல். மிச்சப் பாரம் எங்கே?

நான்: வாயுவாகக் கூரைக்கு மேலே போய்விட்டது. மூடிவைத்து நிறுத்தால்தான் கணக்குச் சரிவரும். பிரெஞ்சு விஞ்ஞானி லவோசியர் 1774 இல் வெள்ளீயத்தைப் பாத்திரத்தில் அடைத்துச் சூடாக்கினார். பாரம் மாறவில்லை. உள்ளே இருந்த காற்றில் ஒரு பகுதி வெள்ளீயத்தோடு சேர்ந்துவிட்டது. திறந்ததும் அந்த இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே புகுந்தது, அப்புறம்தான் பாரம் கூடியது.

தங்கச்சி: எரிந்தால் பாரம் கூடுமா?

நான்: விளைபொருள் பறந்து போகாவிட்டால் கூடும். 24 கிராம் மகனீசியம் எரிந்தால் 40 கிராம் வெள்ளைத் தூள். 16 கிராம் ஒட்சிசனும் தராசில் ஏறிவிடுகிறது.

தங்கச்சி: பள்ளியில் நாங்கள் நிறுத்தபோது குறைந்ததே?

நான்: வெள்ளைப் புகை கிளம்பியிருக்குமே? அதுவும் அந்தத் தூள்தான். புகையை விட்டுவிட்டு நிறுத்திருக்கிறீர்கள்.

பெரியம்மா: மனே, போன மாதம் பெரிய சட்டியையும் காசு கொடுத்து ஒட்டினேனே. அதுவும் வியர்வைதானா?

நான்: அதுவும் வைத்தவுடன்தான் சொட்டியதா?

பெரியம்மா: ஓம்.

மாமா: கொண்டுபோனது நான்தான் அக்கா. ஓட்டை எங்கே என்று ஒட்டுகிறவன் மூன்று தரம் கேட்டான். நான்தான் வடிவாகத் தேடிப் பார் என்றேன்.